ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் முன்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மூன்று நாள் முன்பு நைட் டியூட்டியில், இறந்த நோயாளியின் மகன் என்னை அறைந்து மானிட்டரையும் உடைத்தார். செக்யூரிட்டி போதவில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம், நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. எம்.டி. (நிர்வாக இயக்குநர்) ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் போட்டுவிட்டு, சமாதானமாகப் போவதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: எம்.டி. விசாரிக்காதது வருத்தம்தான், வழக்குக்கு அதனால் பயனில்லை. உங்கள் புகாரில் 'பணியில் இருந்தபோது' என்ற வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் வன்முறைத் தடுப்புச் சட்டம் (48/2008) பொருந்தும். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். 'வாய்த்தகராறு' என்று எழுதியிருந்தால் சாதாரண அடிதடியாகிவிடும். துணைப் புகார் கொடுங்கள். முதற்கட்ட விசாரணை நடக்கிறது என்று போலீஸார் சொல்வார்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3)-இல் அது 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். இங்கே தண்டனை 10 ஆண்டு வரை என்பதால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனர், பிறகு மாஜிஸ்திரேட்.

நான் பார்த்த நர்ஸுகள் பலர் விழுந்த குழி அந்தச் சமாதானக் கடிதம். 'மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று எழுதித் தந்ததும் சி.எஸ்.ஆர். முடிந்துவிடும். பிறகு 'நர்ஸின் அலட்சியத்தால்தான் அப்பா இறந்தார்' என்று அவர்கள் புகார் கொடுப்பார்கள். அன்று உங்கள் கையில் எஃப்.ஐ.ஆரும் இருக்காது, காயத்துக்கு ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) பதிவும் இருக்காது. அவர்கள் கையில் உங்கள் கையெழுத்து இருக்கும். உங்கள் மருத்துவமனையிலேயே மருந்து போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தால், இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாமதம்தான், இருந்தாலும் பதிவே இல்லாததற்கு மேல்.

நிர்வாகத்தோடு இப்போது மோத வேண்டாம். சிசிடிவி அவர்களிடம் இருக்கிறது, பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அந்த இரவின் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தப் பதிவு கோர்ட்டில் ஏற்கப்படத் தேவையான, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழும் அவர்கள்தான் தர வேண்டும். செக்யூரிட்டி கேட்டு எழுதிய கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நாளை பழியை உங்கள் மேல் திருப்பினால் அது பேசும்.

சமாதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவை இழந்த ஆத்திரத்தில் அடித்தவர் உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டால், ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதைவிட முடித்துக்கொள்வது நல்லது. ஆனால் எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு. இந்தக் குற்றத்தை ஸ்டேஷனில் சமரசம் செய்ய முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-இன்கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு மனு போட வேண்டியது அடித்தவர் தரப்பு. அவர்கள் தரப்பிலிருந்து புகார் இல்லை என்பதையும் அந்தச் சமரச மனுவில் எழுதி வாங்குங்கள். உடைந்த மானிட்டரின் விலையை அதில் சேர்க்காதீர்கள், அது நிர்வாகத்தின் கணக்கு.