இருட்டில் ஒளிராத வாட்ச்

கேள்வி: என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கப்பல்காரர் ஒருவர் கொடுத்த சாவி வாட்ச் எங்கள் வீட்டில் இருக்கிறது. டயலில் ஸ்மித்ஸ் என்ற பெயர், பின்மூடியில் ஓர் அம்புக்குறி, வரிசையாக எண்கள், கடைசியில் 68. பாரிமுனையில் ஒரு கடையில் காட்டினால், 'ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் கம்பெனி சார், வாட்ச்சே செய்ததில்லை' என்கிறார்கள். போலியா?
- ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பழைய பிரிட்டிஷ் பைக்குகளின் ஸ்பீடோமீட்டரில் பார்த்துப் பார்த்துப் பழகிய பெயர் அது. புல்லட் ஓடும் ஊரில் வேறெப்படி நினைப்பார்? ஆனால் ஸ்மித்ஸ் வாட்ச் செய்தது, அதுவும் நன்றாகவே செய்தது.

1851-ல் லண்டனில் சாமுவேல் ஸ்மித் தொடங்கிய கடிகாரக் கடைதான் ஆரம்பம். கார் வந்ததும் மீட்டர்கள் பக்கம் போய் அதில் பெரிய கம்பெனியானார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஒரு தலைவலி வந்தது, சிப்பாய் கையில் கட்ட நல்ல வாட்ச் வேண்டுமென்றால் ஸ்விட்சர்லாந்தைத்தான் கேட்க வேண்டும், அந்த நாட்டைச் சுற்றியோ எதிரிகள். போரின் கடைசியில் 12 கம்பெனிகள் ராணுவத்துக்கென்று செய்துகொடுத்த வாட்ச்களை இன்று 'டர்ட்டி டஜன்' என்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பன்னிரண்டுக்குள்ளும் ஓடியது ஸ்விஸ் இயந்திரம்தான். இனி இப்படிக் கையேந்தக் கூடாது என்று அரசும் முட்டுக்கொடுக்க, செல்டன்ஹாம் பக்கத்தில் பிஷப்ஸ் கிளீவ் என்ற ஊரில் ஸ்மித்ஸ் முழு வாட்ச்சையும் உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. 1953-ல் ஹிலாரி எவரெஸ்ட் உச்சிக்கு எடுத்துப்போனது இவர்கள் வாட்ச்.

உங்களிடம் இருப்பது டபிள்யூ10 என்ற ராணுவ மாடலாக இருக்க வேண்டும். 1967 முதல் 1970 வரைதான் செய்தார்கள். அம்புக்குறி என்றால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். எண்களில் 6645 வருகிறதா பாருங்கள், அது நேரம் காட்டும் கருவிகளுக்கான நேட்டோ எண், அடுத்து வரும் 99 பிரிட்டனைக் குறிக்கும். 68 என்பது வருஷம். சாவியை வெளியே இழுத்தால் நொடி முள் அப்படியே நிற்க வேண்டும், நாலு பேர் ஒரே நொடியில் நேரம் சேர்த்துக்கொள்வதற்காக வைத்த ஏற்பாடு அது. திறந்து பார்க்கச் சொன்னால், இயந்திரத்தின் மேல் காந்தத்தைத் தடுக்கும் இரும்பு மூடி ஒன்றும் தெரியும். இவ்வளவும் பொருந்தினால் கடைக்காரரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள், பாவம், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: அதே வாட்ச்தான். முள்ளெல்லாம் மங்கிவிட்டது, இருட்டில் தெரிவதே இல்லை. புதிதாக ரேடியம் அடித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது! நாம் ஸ்டிக்கரிலிருந்து எல்லாவற்றையும் 'ரேடியம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் டயலில் வட்டத்துக்குள் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும், அது ரேடியத்துக்குப் பதிலாக ஒளிர்வதற்குப் பூசிய டிரிட்டியம் என்ற பொருள். நிஜ ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும், டிரிட்டியத்துக்குச் சுமார் 12 வருஷமே போதும். 1968-லிருந்து கணக்குப் போட்டால் நூறில் ஐந்து பங்குகூட மிச்சமில்லை. ஆக, அது ஒளிராமல் இருப்பதுதான் நியாயம், புதிதாகப் பூசினால் அசல் டயல் என்ற பெயர் போய்விடும். நான் ஒருமுறை ராத்திரியெல்லாம் பளபளவென்று ஒளிர்ந்த 'ஒரிஜினல்' ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, டயல் முழுக்க மறுபடி பெயின்ட் அடித்தது என்று தெரிந்தபோது வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை.

கேள்வி: இவ்வளவு நல்ல வாட்ச்சை ஏன் நிறுத்தினார்கள்? நம்ம ஹெச்.எம்.டி. கதைதானா?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: கிட்டத்தட்ட. மலிவான இறக்குமதியோடு மல்லுக்கட்டி ஸ்மித்ஸுக்கு முடியவில்லை, 1969 கடைசியில் ஜப்பானின் சீகோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மீட்டரில் வரும் லாபம் வாட்ச்சில் இல்லாதபோது எந்த முதலாளிதான் பிடிவாதம் பிடிப்பார்? வேடிக்கை என்னவென்றால், 1973-ல் பிரிட்டிஷ் ராணுவம் வாங்கிய ஹாமில்டன் வாட்ச்சுக்குள் மறுபடியும் ஸ்விஸ் இயந்திரம்! ஸ்மித்ஸ் கம்பெனி வேறு தொழில்களோடு இன்றும் இருக்கிறது, இப்போது அந்தப் பெயரில் வரும் புது வாட்ச்கள் வேறொருவருடையவை. ஹெச்.எம்.டி. 1961-ல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கி, 'ஜவான்' என்றே ஒரு மாடல் போட்டு, 2016-ல் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுக்கும்வரை ஓடியது. ஆயுசு அதற்குக் கெட்டிதான்.

கேள்வி: பட்டை மாற்றப் போனால் கம்பி கழலவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.
- மறுபடியும் ராயபுரம் வாசகர்

பதில்: ஐயோ, உடனே வாங்கி வந்துவிடுங்கள். அது கழலாது, கேஸோடு சேர்த்தே பொருத்திய கம்பி, ஓட்டத்தில் வாட்ச் கழன்று விழக்கூடாதென்று அப்படிச் செய்தார்கள். ஒற்றைத் துண்டு நைலான் பட்டை கேளுங்கள், கம்பிக்கு அடியில் நுழைத்து இழுத்தால் வேலை முடிந்தது.