அந்த மாணவனைக் கேட்டீர்களா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'மாஸ்க்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டோம். முகம் விகாரமான ஒரு பையனின் கதை. மாசமாக இருக்கும் ஆசிரியை ஒருவரும் அங்கே இருந்ததால், இதையெல்லாம் காட்டலாமா என்று பெற்றோர் சிலர் சத்தம் போட்டார்கள். முகத்தில் தீக்காயத் தழும்புள்ள மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான், அவன் மனசும் நோகும் என்றார்கள். பாதியில் நிறுத்திவிட்டோம். அவர்கள் பக்கம் நியாயம் இல்லையா?
- ஓர் ஆசிரியை, பாபநாசம்

பதில்: இல்லை, டீச்சர்.

முதல் காரணத்தில் துளியும் இல்லை. கிரகணத்தன்று மாசமாக இருப்பவளை இருட்டறையில் உட்காரவைத்து, 'அரிவாள்மனையைத் தொடாதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்' என்று சொல்லும் ஊர் நம்முடையது. என் அம்மாவும் சொன்னவர்தான். கருவில் மேலுதடு கூடுவது 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருப்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரியவரும். வயிறு தெரிகிற காலத்தில் எதைத் தொட்டாலும் எதைப் பார்த்தாலும், உதடு எப்போதோ கூடி முடிந்திருக்கும். படத்தில் வரும் ராக்கி டென்னிஸ் நிஜமாக வாழ்ந்த அமெரிக்கப் பையன். மண்டையோட்டு எலும்பு தடித்துக்கொண்டே போகும் அபூர்வ மரபணு நோய் அவனுக்கு. 1978-ல் இறந்தபோது வயது 16. 1985-ல் வந்த இந்தப் படத்தில் நீங்கள் பார்த்த முகமோ எரிக் ஸ்டோல்ட்ஸ் என்ற நடிகருக்குப் போட்ட ஒப்பனை. ஒப்பனைக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது. ராக்கியின் தாயின் போதைப் பழக்கம் வரும் இடங்களுக்காக யாராவது ஆட்சேபித்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் மனசு நோகும் என்று அவனா சொன்னான்?

கும்பகோணம் உங்களுக்குப் பக்கம். 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். வருஷா வருஷம் அந்த நாளில் படத்துக்கு மாலை போட்டு அழுகிறோம். அழ வேண்டியதுதான். தீயில் சிக்கித் தழும்போடு பிழைத்த ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்கிறோம்? சில வருஷத்துக்கு முன் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில், கன்னமும் காதும் வெந்து சுருங்கிய ஒரு பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவன் பக்கத்து இடம் மட்டும் வடுவூர் வரை காலி. புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோடு இன்னும் ஒண்டி உட்கார்ந்தான். அப்போதும் யாரும் உட்காரவில்லை. நானும் கம்பியைப் பிடித்தபடி நின்றுதான் வந்தேன். இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

நீங்கள் பாதியில் நிறுத்தியதால் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி போய்விட்டது. பார்வையற்ற பிள்ளைகளின் கோடை முகாமுக்கு ராக்கி உதவிக்குப் போகிறான். நிறம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண் அங்கே இருக்கிறாள். சூடான கல்லை அவள் கையில் வைத்து 'இதுதான் சிவப்பு' என்கிறான். குளிர்ந்த கல்லை வைத்து நீலம் என்கிறான். அடுத்துப் பஞ்சு. தொடத் தொட அவள் முகம் மலர்கிறது. பரிதாபப்பட்டு யாரோ அவனுக்குக் கொடுப்பதாக அந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை. கொடுக்கிறவன் அவன்.

அந்த மாணவனைத் தனியாகக் கூப்பிடுங்கள். 'ஐயோ பாவம்' என்ற குரல் வேண்டாம். வீட்டுப்பாடம் கேட்கிற குரலிலேயே கேளுங்கள்: "மீதிப் படத்தைப் போடலாமாப்பா?" வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாமல் விட்டுவிடுங்கள். போடச் சொன்னால், சத்தம் போட்ட பெற்றோருக்கும் நாற்காலி போட்டுவைத்து வரச் சொல்லுங்கள்.