சூடானின் மெரோயே பிரமிடுகள் எகிப்தியப் பிரமிடுகளின் சிறிய நகல்கள்தாமா?

அவற்றை நகல்கள் என்று சொல்வது கட்டியவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். சூடான் தலைநகர் கார்ட்டூமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், நைல் நதியின் கிழக்குக் கரையில் சிதைந்து கிடக்கும் மெரோயே, இன்றைய சூடான் பகுதியில் இருந்த பண்டைய குஷ் அரசின் தலைநகராக விளங்கியது. பிரமிடு வடிவம் எகிப்திலிருந்து வந்ததுதான். ஆனால் எகிப்திய மன்னர்கள் அதைக் கைவிட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகே குஷ் மன்னர்கள் அதைக் கையில் எடுத்து, தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

எகிப்தின் கிசாவில் உள்ள பெரிய பிரமிடில் மன்னரின் அறை கட்டடத்துக்கு உள்ளேயே உயரத்தில் இருக்கிறது. மெரோயேயிலோ பாறையைக் குடைந்து நிலத்தடியில் அறை அமைத்து, கிழக்கிலிருந்து இறங்கும் படிக்கட்டின் வழியே உடலைக் கொண்டுசென்று வைத்து, அதன் மேலே பிரமிடையும் அதன் கிழக்கு முகத்தில் சிறிய வழிபாட்டு மண்டபத்தையும் எழுப்பினார்கள். கிசாவில் சாய்வு 52 பாகைக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஏறத்தாழ 70 பாகை. மெரோயேயில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் ஹிங்கெல், பிரமிடின் நடுவில் நட்ட மரக்கம்பத்தின் எச்சத்தைக் கண்டறிந்து, நம் கிணற்று ஏற்றத்தைப் போன்ற பொறியால் கற்களைத் தூக்கியிருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்தப் பொறியின் கை எட்டும் தூரத்துக்குள் அடித்தளம் அடங்க வேண்டியிருந்ததால் பிரமிடுகள் ஒடுங்கிச் செங்குத்தாக உயர்ந்தன என்னும் அவருடைய விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

பல பிரமிடுகளின் உச்சி இன்று சிதைந்திருப்பதற்குப் புதையல் வேட்டையும் ஒரு காரணம். 1834இல் ஜியுசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர், அரசி அமனிஷகெட்டோவின் பிரமிடை மேலிருந்தே பிரித்துத் தங்க நகைகளை எடுத்தார். ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் இவ்வளவு நுட்பமான வேலைப்பாடு இருந்திருக்க முடியாது என்று அன்றைய ஐரோப்பியர் பலர் அவற்றைப் போலி என்றே சந்தேகித்தார்கள். அந்த நகைகள் இப்போது மியூனிக், பெர்லின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

மெரோயேயின் தன்னம்பிக்கையை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்துவது 1910இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் அங்கே அகழ்ந்தெடுத்த, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சீசரின் வெண்கலத் தலைதான். ரோமின் வசமிருந்த எகிப்தின் தென் எல்லையைக் குஷ் படை தாக்கியபோது கைப்பற்றப்பட்டதாகக் கருதப்படும் அந்தத் தலையை, ஒரு கோயிலின் வாசற்படிக்கு அடியில், உள்ளே போகும் ஒவ்வொருவரும் மிதித்துச் செல்லும்படி புதைத்திருந்தார்கள். எகிப்தைக் கைப்பற்றிய பேரரசரையே இப்படி நடத்திய மக்களை வெறுமனே நகலெடுத்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

எழுத்திலும் அவர்கள், பிரமிடைப் போலவே, எகிப்திலிருந்து வந்ததைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். எகிப்தியக் குறிகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, தங்கள் மொழிக்கெனத் தனி எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அதன் ஒலிகளை 1911இல் பிரிட்டிஷ் எகிப்தியவியல் அறிஞர் கிரிஃபித் கண்டறிந்துவிட்டார். ஆனால் பெயர்களையும் குறைந்த அளவு சொற்களையும் தவிர மற்றவற்றின் பொருள் இன்னும் விளங்கவில்லை. ஆகவே மெரோயேயைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுக்கு இன்றும் பெருமளவில் கிரேக்க, ரோமானியக் குறிப்புகளையே நம்ப வேண்டியிருக்கிறது.