கலெக்டர் ஏன் தீர்ப்புச் சொல்லக் கூடாது?

வாசகர் கேள்வி - பதில்

'அரசின் அதிகாரத்தை சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று மூன்றாகப் பிரித்தது எதற்கு?' என்ற கேள்விக்குப் போன மாதம் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்புறம் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் இரண்டு வரி போதாது என்று தெரிகிறது. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வரப்பைத் தாண்டி வேலி போட்டுவிட்டார். மூன்று திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்தேன். கடைசியில் 'சொத்துரிமைத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க' என்கிறார்கள். மாவட்டத்துக்கே பெரியவர் கலெக்டர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடாதா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: முடிந்துவிடும் அம்மா. ஒருத்தர் வார்த்தையில் முடிந்துவிடக் கூடாது என்றுதான் அந்த அதிகாரத்தை அவரிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பட்டா கொடுப்பது அவருடைய துறை. அளக்கிற சர்வேயர், பட்டாவில் பெயர் மாற்றுகிற தாசில்தார் எல்லாரும் அவருடைய நிர்வாகத்தில் இருப்பவர்கள். நாளைக்கு அந்தப் பட்டாவே தப்பு என்று நீங்கள் சொல்லும்போது, அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே என்றால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்?

நம் சீமையில் அப்படியும் ஒரு காலம் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கிராம முன்சீப் வரியும் வசூலிப்பார், சின்னச் சின்ன வழக்குகளையும் கேட்பார் (அந்தப் பதவியே 1980ல்தான் ஒழிந்தது, அதற்கப்புறம் வந்தவர்தான் வி.ஏ.ஓ.). மேலே போகப் போக இதே கதைதான். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ய வைத்தவர் கலெக்டர் விஞ்ச். ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தவர் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே. பிடித்தவரும் தண்டித்தவரும் ஒரே ஐ.சி.எஸ். பணியில் (இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முந்தியது) வந்த அதிகாரிகள். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் தண்டனை குறைந்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த தலைமுறைதான் நம் அரசமைப்பை எழுதியது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 50ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுகளையே இரண்டு வகையாக்கியது. வழக்கு நடத்தித் தண்டனை கொடுப்பவர் உயர் நீதிமன்றத்தின் கீழே வந்தார். ஊரில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள உத்தரவு போடுகிற ஆர்.டி.ஓ.வும் (வருவாய்க் கோட்டாட்சியர்) தாசில்தாரும் கலெக்டரின் கீழேயே இருந்தார்கள்.

உங்கள் விஷயத்தில், எல்லை எங்கே என்று அளந்து காட்டச் சொல்லிக் கட்டணம் கட்டி மனுப் போடுங்கள், அது வருவாய்த்துறை வேலை, செய்து தரத்தான் வேண்டும். இடம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அம்பாசமுத்திரத்திலேயே கோர்ட் இருக்கிறது. நாள் ஆகும், அலைச்சல்தான். ஆனால் அங்கே கலெக்டரையே பிரதிவாதியாகச் சேர்த்து நீங்கள் எதிரே நிற்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே முடியாதாம். இங்கே அமைச்சராகிறவர் எம்.எல்.ஏ.வாக இல்லாவிட்டால் 6 மாதத்துக்குள் ஜெயித்து வந்தாக வேண்டும். சட்டம் போடுகிறவரும் நடத்துகிறவரும் ஒரே ஆள் என்றால் பிரிப்பு எங்கே இருக்கிறது? (தென்காசி, கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் தம்பி. நாம் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து வழி. அமைச்சரைச் சபைக்குள்ளேயே உட்கார வைத்து, அங்கேயே கேள்வி கேட்டு, பிடிக்காவிட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறக்கிவிடலாம் என்பது அதன் கணக்கு. பணமும் சபையின் கையில்தான். சட்டம் இல்லாமல் ஒரு வரியும் போட முடியாது, சபை ஒப்புதல் இல்லாமல் கஜானாவிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது, செலவழித்த பிறகு தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சபைக்கு வந்தாக வேண்டும். எல்லாரையும் அமைச்சராக்கி வாயை அடைத்துவிடக் கூடாது என்று 2003ல் 91ஆவது திருத்தம் ஒரு வரம்பும் வைத்தது: மொத்த உறுப்பினரில் 15 சதவீதம். நம் 234 பேர் சபைக்கு 35 பேர், முதல்வரையும் சேர்த்து.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை) மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். தாவலைத் தடுக்க வந்த சட்டம்தான், தேவையும் இருந்தது. அதே சட்டம் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தன் தொகுதிக்காகக்கூட அரசை எதிர்த்துக் கை தூக்க முடியாமல் செய்துவிட்டது. மூன்று கிளைகளில் இன்றைக்கு ரொம்ப மெலிந்து கிடப்பது சட்டமன்றம்தான் என்று நான் நினைக்கிறேன். ஆட்சி கவிழாத சாதாரண மசோதாக்களிலாவது அவரவர் மனசுப்படி ஓட்டுப் போட விட வேண்டும்.

கேள்வி: மூன்றில் எதுதான் பெரியது? ஒரே வார்த்தையில் சொல்லவும். (வள்ளியூர் வாசகர்)

பதில்: எதுவுமில்லை. ஆனால் இதை ஒரு வார்த்தையோடு விட மனசு வரவில்லை. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. அதே மாதம் நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 39ஆவது திருத்தம் போட்டு, பிரதமரின் தேர்தலை எந்தக் கோர்ட்டும் தொடக் கூடாது என்று எழுதிவிட்டது. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவர் தேர்தல் செல்லும் என்று சொல்லிக்கொண்டே, கோர்ட்டை விலக்கி வைத்த அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்தது. அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படையை உடைக்கக் கூடாது என்று 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து 7க்கு 6 என்ற கணக்கில் சொன்னதுதான் அதற்குக் கை கொடுத்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

அடுத்த வருஷமே அதே நீதிமன்றம் சறுக்கியது. நெருக்கடி நிலையில் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான், அதற்கு விலையாக அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி போனது. அந்தத் தவறைத் திருத்தியது யார் தெரியுமா? நாடாளுமன்றம். 1978ல் 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. ஒரு முறை கோர்ட் நாடாளுமன்றத்தைப் பிடித்து நிறுத்தியது, இன்னொரு முறை நாடாளுமன்றம் கோர்ட்டின் சறுக்கலைச் சரிசெய்தது. இதில் யாரைப் பெரியவர் என்பது?

கேள்வி: தாமிரபரணியிலிருந்து கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை உயர் நீதிமன்றம் ஏன் நிரந்தரமாகத் தடுக்கவில்லை? (சுத்தமல்லி விவசாயி)

பதில்: 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் நீக்கியது. உங்களைப் போலவே எனக்கும் அன்றைக்கு மனசு கனத்தது. அதே மதுரைக் கிளைதான் 2010ல் தோழர் நல்லகண்ணு போட்ட வழக்கில் தாமிரபரணியில் 5 ஆண்டு மணல் அள்ளத் தடை விதித்தது என்பதையும் மறக்க வேண்டாம். சட்டம் மீறப்பட்டதா என்று கோர்ட் பார்க்கலாம். ஆலைக்கு முதலிலா, கார் பருவ நெல் சாகுபடிக்கு முதலிலா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். அவர்களை 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றலாம், நீதிபதியை நாம் மாற்ற முடியாது. அதனால் இந்தக் கேள்வியை உங்கள் எம்.எல்.ஏ.விடமும் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவு தடுப்புகள் இருந்தும் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் காப்பாற்ற முடியவில்லையே? (திசையன்விளை வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தேன். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் சாத்தான்குளம் போலீசார் கைது செய்தார்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆவது பிரிவு சொல்கிறது. காவல்துறை பிடித்தவரைக் காவல்துறையைச் சேராத ஒருவர் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அடித்தார்களா என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அடுத்த நாள் ரிமாண்ட் (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு) நடந்தது. காயங்களைச் சரியாகப் பார்க்காமலே கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். பிரிப்பு ஏட்டில் அப்படியேதான் இருந்தது அம்மா. பார்க்க வேண்டிய கண் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷனில் தனக்கு ஒத்துழைப்பு இல்லை, அவமரியாதையாகப் பேசினார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். உடனே அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் கொண்டுவர உத்தரவு வந்தது. அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் காவலர், பயத்தோடு, தான் பார்த்ததைச் சாட்சியாகச் சொன்னார். கோர்ட்டின் பலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பெண்ணின் சொல் இல்லாமல் அந்தப் பலம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். எந்த மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அங்கே போங்கள். அடி விழுந்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும், அதற்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.