ரத்த அழுத்தம் உள்ளவர் ஃப்ளூவுக்கு அதிமதுரம் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு நாளாக ஃப்ளூ காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல். அதிமதுரம் சேர்ந்த மூலிகைப் பொடி ஒன்றை, மூன்றே நாளில் குணமாகும் என்று சொல்லி ஒருவர் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான், ஆனால் உங்களுக்கு ஆகாது. அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிட்டு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். உங்கள் மாத்திரை நீர் பிரிய வைக்கும் வகை என்றால் பெரும்பாலும் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் கைகால் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கஷாயம், மிட்டாய், இருமல் சிரப் எதில் இருந்தாலும் இதே ஆபத்துதான். சிரப் பாட்டிலில் அதன் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

அதற்குப் பதில் 5 கிராம் இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, 200 மில்லி தண்ணீரில் மூடிவைத்துச் சிறுதீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் தேன். நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். இருமலைத் தணிப்பதில் தேனுக்கே பெரும்பங்கு (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது). ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கொப்பளியுங்கள், விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

இவை தொந்தரவைக் குறைக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் தானே இறங்கும். உங்களுக்கு இரண்டு நாள் கடந்துவிட்டது. இனி எந்தப் பொடியைக் குடித்தாலும் 'மூன்றே நாளில்' குணமாகத்தான் செய்யும்!

லேபிள் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டும் பாராசிட்டமாலும் சொல்லாமல் கலந்திருப்பது உண்டு. ஒரே வேளையில் காய்ச்சலும் வலியும் காணாமல் போனால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். ஸ்டீராய்டு அறிகுறியை அமுக்கும், உள்ளே தொற்று வளரும். பாராசிட்டமால் என்றால், நீங்கள் தனியாகப் போடும் மாத்திரையோடு சேர்ந்து அளவு மீறிக் கல்லீரலைக் கெடுக்கும். 'உணவுத் துணைப்பொருள்' என்று எழுதிவிட்டாலே பல நாடுகளில் விற்பனைக்கு முன் எந்த நிரூபணமும் கேட்பதில்லை. நோயாளியே சோதனைக்கூடமாக வேண்டுமா?

வைரஸுக்கான மாத்திரை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு இரண்டு நாள் ஆகிவிட்டதால், இன்னும் அது தேவையா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம் வந்தாலோ, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பொடியை ஏற்கெனவே குடித்திருந்தால் நிறுத்திவிட்டு ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்; அந்தப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.