பேரப் பிள்ளைகளோடு தீம் பார்க்: முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் ஓய்வூதியம்தான் வருமானம். இந்த விடுமுறைக்கு எல்லோரையும் பெரிய தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறேன் என்று பேரப் பிள்ளைகளிடம் வாய் விட்டுவிட்டேன். அவர்களுக்கு வயது 13, 8, 4. மகன், மகள் குடும்பங்களைச் சேர்த்தால் ஒன்பது பேர். நான்கு நாளைக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. எங்கே குறைப்பது?

பதில்: நீங்கள் தீம் பார்க் என்றுதானே சொன்னீர்கள், நான்கு நாளும் அதற்குள்ளேயே என்று சொல்லவில்லையே! பூங்காவுக்கு ஒரே ஒரு நாள் போதும். மற்ற நாட்களை நீச்சல் குளம் உள்ள தங்குமிடத்தில் கழியுங்கள், நான்கு வயதுக்கு அதுவே பெரிய தீம் பார்க். டிக்கெட் செலவு பெருமளவு குறைந்துவிடும். இப்போது பல பூங்காக்களில் தேதிக்குத் தேதி விலை மாறுவதால், அந்த ஒரு நாளையும் வார நாளாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்து, எந்தப் பூங்கா என்று முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று பேரையும் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரிய ரோலர் கோஸ்டர்களுக்குப் பெரும்பாலும் 120 செ.மீ. கேட்பார்கள், சிலவற்றுக்கு 140 வரை போகும், எட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அந்த முதல் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் ஊழியர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பி அனுப்பினால், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பக்கத்துக் கடையில் பொம்மை வாங்குவீர்கள். ஒன்றுக்கு வாங்கினால் மூன்றுக்கும் வாங்க வேண்டும். பட்ஜெட் இப்படித்தான் கரைகிறது. ஒவ்வொரு ரைடுக்கும் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பூங்காவின் வலைத்தளத்திலேயே போட்டிருப்பார்கள். மூவரும் ஏறக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை அதிகமாக இருக்கும் இடம் சிறிய பூங்காவாக இருந்தாலும் அதையே எடுங்கள், பெயர் பெற்ற இடம்தான் வேண்டும் என்று பதின்மூன்று வயது முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும்.

இப்போது உங்கள் இருவர் விஷயம். இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வேகமான ரைடுகளின் வாசலிலேயே பலகை இருக்கும், ஆக நாளில் பாதி நீங்கள் பெஞ்சில்தான். பெஞ்சுக்கு எதற்கு முழு டிக்கெட்? மூத்த குடிமக்கள் சலுகை இருக்கிறதா, மாலை நேர டிக்கெட் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நுழைவுக்கு ஒரு கட்டணம், ரைடுகளுக்குத் தனிக் கட்டணம் என்று வைத்திருக்கும் பூங்காக்களும் உண்டு, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1843இல் தொடங்கிய டிவோலி பூங்காவில் அப்படித்தான். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்த ஏற்பாடுதான் லாபம். சின்னக் குழந்தைக்கான விதியும் இடத்துக்கு இடம் மாறும். டிஸ்னி பூங்காக்களில் 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், உங்கள் நான்கு வயதுக்கு வேண்டும். சில இடங்களில் வயதைப் பார்க்காமல் உயரத்தை வைத்தே டிக்கெட் போடுகிறார்கள்.

வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸை ஒன்பது பேருக்கும் வாங்குவதாக யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நின்று, கூட்டம் சேரும் ரைடுகளை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டால் பாதி வேலை ஆயிற்று. அப்புறம் டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி உண்டு, வேறு சில பூங்காக்களிலும் வேறு பெயரில் இருக்கிறது: சின்னப் பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க மற்றவர்கள் போய்வரலாம், அவர்கள் வந்ததும் நின்றவர் மறுபடி முழு வரிசையில் காத்திருக்காமல் ஏறலாம். வாசலில் உள்ள ஊழியரிடம் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர் உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளுக்கு ஒரே வழிதான்: காலையிலேயே ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு தொகையைக் கொடுத்து, இதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ரைடில் எடுத்த போட்டோவும் அதற்குள்தான்.

இதையெல்லாம் விடக் கஷ்டமான வேலை, மகனிடமும் மகளிடமும் பேசுவது. மருமகளும் மாப்பிள்ளையும் இருக்கும்போதே, "எங்களால் இவ்வளவு முடியும், மீதியை நீங்கள் இரண்டு வீடும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தொகையைச் சொல்லியே பேசிவிடுங்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள்தான், ஆனாலும் ஓய்வூதியத்தில் கடன் வாங்கி ஊர் சுற்ற வேண்டியதில்லை. அவர்களும் சம்பாதிக்கிறவர்கள்தானே, சொல்லாமல் விட்டால்தான் பிறகு மனக்கசப்பு.

கடைசியாக, டிக்கெட்டில் தேதி மாற்ற முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். நான்கு வயதுக்குக் காய்ச்சல் வருவதென்றால் கிளம்புகிற அன்று காலையில்தான் வரும், அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.