தணிக்கைக்கு அனுப்பாமலே ஒரு சீன இயக்குநர் இருபது ஆண்டுகளுக்கு மேல் படமெடுப்பது எப்படிச் சாத்தியம்?

கேள்வியில் பெயர் இல்லை. ஆனால் படங்களைத் தணிக்கைக்கே அனுப்பாமல், சொந்த நாட்டுத் திரையரங்குகளில் வெளியிடாமல் தொடர்ந்து இயங்கிவரும் சீனர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வாங் பிங். அவருடைய துணிச்சல் பெரிதுதான். இருப்பினும் அவர் கையிலிருந்த கேமரா சிறியதாக இருந்ததே இதற்கு முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

1967இல் பிறந்த வாங் பிங், ஷென்யாங் நகரத்து லூ ஷுன் நுண்கலைக் கல்லூரியில் புகைப்படக்கலை பயின்றவர். அந்நகரத்தின் தியேஷி பகுதியில் இருந்த மாபெரும் அரசுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த 1999இல், வாடகைக்கு எடுத்த சிறிய டிஜிட்டல் வீடியோ கேமராவுடன் அங்கே போனார். விளக்குகளும் உதவியாளர்களும் கொண்ட படக்குழு அனுமதியின்றி அந்த வாயிலைத் தாண்டியிருக்க முடியாது; தனியாளாகக் கேமராவை ஏந்தி நாள்தோறும் வந்துபோனவரையோ தொழிலாளர்கள் விரைவிலேயே பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். ஓய்வறையில் சீட்டாடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், குளித்துவிட்டு நிர்வாணமாகவே கேமராவின் குறுக்கே நடக்கிறார்கள், ஈய நச்சுக்குச் சிகிச்சை பெற மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2001 வரை பதிவுசெய்த ஏறத்தாழ 300 மணி நேரக் காட்சிகளிலிருந்து உருவானதே 2003இல் முழுமைபெற்ற, ஒன்பது மணி நேரம் ஓடும் 'தியேஷி மாவட்டம்'.

அந்தப் படத்துக்குப் பின் பணம் பெரும்பாலும் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தது. திரையரங்குக்குப் பொருந்தாத நீளத்தைக் கலைக்கூடங்கள் ஏற்றுக்கொண்டன. ஓர் ஆடைப் பட்டறையின் ஒருநாள் வேலையைக் காட்டும் '15 மணி நேரம்' என்ற படம் 2017இல் டாக்குமெண்டா என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் காட்டப்பட்டது. மாவோ காலத்து உழைப்பு முகாமில் பட்டினியால் மடிந்தவர்களைப் பற்றிய கதைப்படத்தை கோபி பாலைவனத்தில் ரகசியமாக எடுத்து முடித்தார். 2010 வெனிஸ் திரைப்பட விழாவில் அது முன்னறிவிப்பின்றித் திரையிடப்பட்டது.

எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். 2017இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்ற 'மிஸஸ் ஃபாங்', மறதிநோயால் பேச்சிழந்த மூதாட்டி ஒருவரின் கடைசி நாள்களை முகத்தருகே நின்று பார்க்கிறது. குடும்பத்தார் சம்மதித்திருக்கலாம், அவரால் சம்மதிக்க முடிந்திருக்காது என்ற நெருடல் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதற்கிடையே உள்நாட்டில் இடம் குறுகிக்கொண்டே வந்தது. பெய்ஜிங் சுயாதீனத் திரைப்பட விழா 2014இல் அதிகாரிகளால் நிறுத்தப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டம், அனுமதி பெறாத படங்களை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதையும் தடைசெய்தது. அந்த ஆண்டுகளில்தான் அவர் ஜெஜியாங் மாகாணத்தின் ஜிலியில், குழந்தைகளுக்கான ஆடை தைக்கும் இளைஞர்களோடு 2014 முதல் 2019 வரை இருந்து, 2,600 மணி நேரக் காட்சிகளைச் சேர்த்தார். 'இளமை' என்ற பெயரில் மூன்று படங்களாக வந்த அதன் முதல் பகுதி, 2023இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

நீளத்தைக் கண்டு தயங்குபவர்கள் 'தியேஷி மாவட்டம்' படத்தின் மூன்றாம் பகுதியை மட்டுமாவது பாருங்கள். இரண்டேகால் மணி நேரம்தான். ரயில் தடங்களில் நிலக்கரி பொறுக்கிப் பிழைக்கும் தந்தையைக் காவலர்கள் பிடித்துச் சென்றபின், தனித்திருக்கும் மகன் பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்த குடும்பப் புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான்.